பைக் சாவி

எங்கள் ஒன்றரை வயது கவினுக்கு இன்று சுகாதார நிலையத்தில் வளர்ச்சிப் பரிசோதனை.

“பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்புறானா?” என்று நர்ஸ் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர், “சூப்பரா திரும்புவான் சிஸ்டர்” என்றார்.

“எங்க, கூப்பிடுங்க.”

“கவின்!” என்றவர், மேசைக்குக் கீழே பைக் சாவியையும் குலுக்கினார். வண்டியில் போகலாம் என்று கவின் திரும்பினான். அங்கிருந்த இரைச்சலில் நர்ஸுக்குச் சாவிச் சத்தம் கேட்கவில்லை.

பைக்கில் வீடு திரும்பும் வழியில், செம்பாக்கம் ஏரியைத் தாண்டும்போது, “ஏங்க இப்படிப் பண்ணீங்க?” என்றேன்.

“அதான் பாஸாயிட்டான்ல, விடு.”

வீட்டுக்கு வந்ததிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். கவின் பொம்மைக் காரின் சக்கரத்தையே சுழற்றிக்கொண்டிருக்கிறான். அவரும் சாவி இல்லாமல் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, சாவியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

நாளைக்கு மறுபடியும் போகிறோம். பஸ்ஸில்.

பாஸான பிள்ளையை ஏன் திரும்பக் கூட்டி வந்தீங்க என்று நர்ஸ் கேட்டால், என்னங்க சொல்வது?