யாரும் தொடாத செம்புத் தகடு

சாத்தூர்ச் சாலைக் கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் குடுவை கழுவி அடுக்குவது யோகலட்சுமியின் வேலை. பி.எஸ்ஸி.யில் இன்னும் இரண்டு தாள் எழுத வேண்டும். ஆனாலும் முனைவர் பட்டத்துக்கு ஆராயும் ஒன்பது பேர் சனிக்கிழமைதோறும் தங்கள் ஆய்வை எல்லோருக்கும் புரியும்படி பேச அவளிடம்தான் கற்கிறார்கள். கல்லூரிக்கு இதில் கொஞ்சம் கூச்சம். அறிவிப்புப் பலகையில் பயிற்றுநர் பெயர் மட்டும் இல்லை.

ஒரே ஆய்வைக் காவலாளி, கேன்டீன்காரம்மா, வேறு துறைப் பேராசிரியர் மூவரிடமும் தனித்தனியே சொல்ல வேண்டும். என்ன புரிந்தது என்று அவள் போய் விசாரிப்பாள். பெரும்பாலும் தேறாதவர் பேராசிரியர்.

அந்த ஒன்பது பேரில் ஒருவன், வெம்பக்கோட்டைப் பக்கம் நிலபுலமுள்ள வீட்டுப் பிள்ளை ஜெயபாண்டி. உடம்பில் சேரும் நிலைமின்சாரம் பட்டாசு மருந்தைப் பற்றவைப்பது பற்றி அவன் ஆய்வு. மருந்து அடைக்கும் அறை வாசலில், சுவரிலுள்ள செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு நுழைந்தால் அந்த மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். யாரும் தொடுவதில்லை. மூன்று பட்டாசுக் கம்பெனிகளில் அவன் பேசியும் பலனில்லை. நான்காவதில் மருந்து அடைப்பவள் யோகலட்சுமியின் அக்கா செல்லத்தாய். வீட்டில் எத்தனை தடவை சொன்னாலும், சோற்றைப் பிசைந்தபடி "சரிடி" என்பாள். காற்று வறண்டு அடித்து அந்த மின்சாரம் கூடும் நாட்களில் யோகலட்சுமிக்கு மதியச் சாப்பாடு இறங்காது.

அந்த நான்காவது கம்பெனிக்கு யோகலட்சுமியும் கூடப் போனாள். ஜெயபாண்டி நன்றாகவே பேசினான். நைலான் சேலை உரசிச் சடசடக்கும் உதாரணம்கூட வந்தது. இருபது பெண்களும் தலையாட்டினார்கள். அவனுக்குப் பூரிப்பு. யோகலட்சுமிக்கு அது இருபது "சரிடி"யாகக் கேட்டது.

நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த போர்மேன் சோலைச்சாமியிடம், குடிக்கத் தண்ணீர் எங்கே என்று கேட்டாள். மனிதர் மரியாதைக்குத் தானே எடுத்துவரப் போனார். ஜெயபாண்டியை ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் இருக்கச் சொன்னாள். ஆராய்ச்சியாளனுக்கு அதைவிடக் கடினமான பயிற்சி கிடையாது.

"ஏன்க்கா தொட மாட்டேங்குற?" என்று செல்லத்தாயிடம் கேட்டாள்.

"எதக்கொண்டு தொட? ரெண்டு கையிலயும் பட்டாசுக் குழா அடுக்குன தட்டு. கீள வச்சா அம்புட்டும் சரியும். சார் கையில பேனா மட்டுந்தான, அவுக நல்லாத் தொடுவாக."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. 'தொழிலாளரின் அறியாமை' என்று ஜெயபாண்டி நாற்பது பக்கம் எழுதி வைத்திருந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, தகட்டைத் தரையில் பதித்தால் என்ன என்று கேட்டான்.

"செருப்பில்லாமத்தான போறோம். மிதிச்சிட்டுப் போறோம்" என்றாள் செல்லத்தாய்.

மிச்சமிருந்தது முதலாளி. அவரிடம் மின்சாரத்தைப் பற்றி மூச்சு விடாதே, வாசலில் நிற்காமல் வேலை ஓடும் என்று மட்டும் சொல் என்றாள் யோகலட்சுமி. அரை அத்தியாயத்தை விழுங்கிக்கொண்டு அப்படியே சொன்னான். நான்கு நிமிடத்தில் சம்மதம்.

புதன்கிழமை வாசற்படி அகலத்துக்குத் தகடு பதித்து, மண்ணுக்குக் கம்பியும் இறக்கினார்கள். அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குள் நுழைந்ததுமே யோகலட்சுமி கேட்டாள்:

"மிதிச்சியாக்கா?"

"மிதிக்காம எப்படி உள்ள போக? பறந்தா?"

யோகலட்சுமி அக்காவுக்கு ஒன்றும் தனக்கு ஒன்றுமாகச் சாப்பிட இரண்டு தட்டு எடுத்துப் போட்டாள்.