அலுமினியக் கழியில் கட்டிய ஃபிளாஷ்

போன வருடம் தீபாவளி முடிந்த மறுவாரம், மலேசியாவில் கூலிம் பக்கம் நாங்கள் இருக்கும் தோட்டத்தில் இது நடந்தது. எனக்கு எழுத வராது. நான் சொல்ல, என் பேத்தி எழுதுகிறாள்.

அவளுக்குத்தான் அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகையில் போடும் படத்தைத் தோட்டத்திலேயே எடுக்க வேண்டும் என்று பிடிவாதம். எங்கள் காலத்தில் படம் என்றால் டவுனுக்கு பஸ் ஏறி, பவுடர் பூசி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது. என் கல்யாணப் படத்தில் நான் கண்ணை மூடியிருக்கிறேன். சரி, அது வேறு கதை.

படம் எடுக்க வந்தது பேத்தியின் கூட்டாளிப் பெண். பேக்டரியில் ஷிப்டு வேலை, லீவு நாளில் கேமரா. கோயில் பக்கத்துச் செம்மண் சடக்கில், ரோட்டோரமாக, பேத்தியை நிறுத்தினாள். சாயங்கால வெயில் முதுகுப் பக்கம், அதனால் முகம் இருட்டடித்தது. அவளிடம் இருந்தது ஒரே ஒரு மலிவு ஃபிளாஷ். கேமராவிலேயே மாட்டினால் முகம் தட்டையாக விழுமாம், தள்ளி உயரத்தில் வைக்க வேண்டுமாம். ஸ்டாண்டில் வைத்து வெள்ளைக் குடை மாட்டினாள். காற்று இரண்டு தடவை சாய்த்துப் போட்டது.

"குடை வேணாம். யாராச்சும் உயரமா பிடிச்சா போதும்லா," என்றாள்.

எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்தில் குலை அறுக்கும் என் நீள அலுமினியக் கழி வீட்டில் சும்மா கிடந்தது. அரிவாளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஃபிளாஷை டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டினேன்.

"தாத்தா, பலே ஆளுதான்!" என்றாள் அந்தப் பெண்.

"பின்ன? இருபது வருஷம் தூக்குன கழிலா இது."

நிமிர்த்தினேன். என் கண் பேத்தியின் முகத்திலேயே இருந்தது.

"இன்னும் மேல தாத்தா... இன்னும் கொஞ்சம்... ஏய், நீ என்னைப் பாக்காதடி, லைட்டைப் பாரு. அப்பதான் கண்ணு மின்னும்."

பேத்தி லைட்டைப் பார்த்தாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

"தாத்தா! கரண்டு கம்பி!"

அண்ணாந்தேன். ஃபிளாஷுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அவள் என்னிடம் ஓடி வரப் பார்த்தாள்.

"வராத! கிட்ட வராத!"

மூச்சுவிடாமல் கழியைப் பின்னால் சாய்த்து இறக்கினேன். இறக்கியதும் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான் குலை அறுத்து, பிறகு ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவன். காலைப் பெரட்டில், வேலைக்கு எல்லாரும் கூடி நிற்கும்போது, ஆட்களுக்குத் தினமும் சொன்னது ஒன்றுதான்: "மேல பாரு, அப்புறம் தூக்கு." என் கூட்டாளி ஒருவன் இதே மாதிரிக் கழியால் கம்பியைத் தொட்டுச் செத்தான். அவனைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். இந்தக் கம்பியும் புதிதல்ல, என் தலைக்கு மேலேயே எத்தனையோ வருடமாக ஓடுகிறது.

பேத்தி கத்திய நொடியில் அந்தப் பெண்ணின் விரல் கேமராவை அமுக்கிவிட்டிருந்தது. பத்திரிகைக்கு வேறு படம் போட்டார்கள். நான் அந்த நொடியில் விழுந்த இந்தப் படத்தைத்தான் கேட்டு வாங்கினேன். வாய் பிளந்து, முகமெல்லாம் வெளிச்சம், கண் அப்படி மின்னுகிறது.

"இதப் போயி யாரு மாட்டுவா?" என்று பேத்தி இப்போதும், எழுதிக்கொண்டே திட்டுகிறாள்.

வாசல் பக்கம் மாட்டியிருக்கிறேன். வெளியே கிளம்பும்போதெல்லாம் படத்தில் அவள் பார்க்கும் பக்கம் நானும் ஒரு தடவை அண்ணாந்து பார்க்கிறேன், அப்புறம்தான் படி இறங்குகிறேன்.