அழிக்காமல் விட்ட கணக்கு

தஞ்சாவூருக்கு வெளியே நாங்கள் நடவு நட்ட வயலில் இன்ஜினியரிங் காலேஜ் வந்தது. அங்கேயே பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். கையெழுத்துப் போடத்தான் தெரியும். ஆனால் நான் துடைத்த போர்டில் ஒரு கோடு நிற்காது.

ஒரு வாத்தியார் மட்டும் தடுத்தார். "அழிக்காதீங்கம்மா. பசங்க போட்ட தப்புக் கணக்கு. நாளைக்கு அதுலேர்ந்துதான் பாடம்."

"தப்புக்குப் பூஜை போடப் போறீங்களா சார்?"

"வந்து பாருங்க."

மறுநாள் வராண்டாவில் நின்று பார்த்தேன். எங்கே தப்பு என்று பிள்ளைகளே எழுந்து சண்டை போட்டார்கள். கணக்குப் போட்டவனே கடைசியில் கண்டுபிடித்துச் சிரித்தான். வாத்தியார் வாயே திறக்கவில்லை. அதன்பிறகு அவரைக் கேட்காமல் அந்த போர்டில் கை வைத்ததில்லை.

அவருக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. அவர் கிளம்பிய அன்றும் ஒரு பெண் போட்ட கணக்கு போர்டில் இருந்தது. நான் தொடவில்லை.

மறுநாள் புது வாத்தியார் வந்தார். "போர்டத் துடைக்கக்கூட இங்க ஆள் இல்லியா?"

அந்தப் பெண் எழுந்தாள். "சார், அது இன்னும் முடியல..."

"உக்காரும்மா. நோட்ஸ் எழுது."

ஆள் இல்லையா என்றதும் வராண்டாவில் நின்ற எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே போய் ஒரே வீச்சில் துடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் எந்தப் பிள்ளையின் குரலும் எனக்குக் கேட்கவில்லை.