முக்கால் மணித்தியாலத் தூரம்

என் இரண்டு தாய்மாமன்மாரையும் நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். நோர்வேயின் வடகோடியில், மீன் தொழிற்சாலை இருக்கும் இரண்டு சின்ன ஊர்களில் ஆளுக்கொரு பக்கம் இருந்தார்கள். பெரியமாமா ஹம்மர்ஃபெஸ்டில் தனிக்கட்டை. சின்னமாமா வார்டோவில் மனைவி, பிள்ளைகளோடு. எனக்கு ஒன்பது வயதான கோடையில், சூரியன் மறையாத ஊரைப் பார்க்கப் போகிறேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அப்பா செய்த பிழை, முதலில் வார்டோவுக்கு டிக்கெட் போட்டதுதான். அங்கே விளையாடப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பெரியமாமாவிடம் பிறகு போகலாம் என்று நினைத்தார், பாவம்.

எங்கள் நகரத்தில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ஒரு கடையில் அம்மா முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பெரியமாமாவின் அழைப்பு வந்தது. கையில் பை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

“மூத்தவன் நான் இருக்க, முதல்ல அவன்ரை வீட்டிலையோ கால் வைக்கப் போறியள்? அப்ப அங்கையே இருந்திட்டுப் போங்கோ.”

நான் விடவில்லை. முதல்நாளே இணையத்தில் தேடிப் பார்த்திருந்தேன்.

“மாமா, ரெண்டு ஊருக்கும் பிளேனிலை முக்கால் மணித்தியாலம்தான். நாங்கள் இஞ்சை பக்கத்துப் புறநகர் கூசேன்வில் போய்ச் சேரவே அதைவிடக் கூட எடுக்கும்.”

“அது நேர்கோடு, பிள்ளை. இஞ்சத்தைப் பிளேன் பஸ் மாதிரி ஊர் ஊரா இறங்கி ஏறும். காத்தடிச்சா அதுவும் இல்லை.”

கல்லாவில் இருந்த அண்ணை, எவரும் கேட்காமலே தீர்ப்புச் சொன்னார்: “மூத்தவர் சொல்றதிலையும் ஞாயம் இருக்கு, அக்கா.” அவருக்கு ஏன் இந்த வேலை என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்பா டிக்கெட்டை மாற்றப் பார்த்தார். உடனே சின்னமாமா, “அப்ப என்ரை வீடு வீடில்லையோ?” என்று முறுக்கிக்கொண்டார். ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டு மற்றவர் முகத்தில் முழிக்க முடியாது என்று அம்மா பயணத்தையே நிறுத்திவிட்டார். விடுமுறை முழுக்க நான் ஜன்னலுக்கு வெளியே மெட்ரோ போவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வளர்ந்த மனிதர் இருவர் ஒரு பிள்ளையின் கோடையைத் தின்று ஏப்பம் விட்டார்கள்.

இலையுதிர்காலத்தில் பெரியமாமாவிடமிருந்து ஒரு பொதி வந்தது. நான் வருவேன் என்று வாங்கி வைத்திருந்த சிவப்பு ஜாக்கெட். கை முழங்கையோடு நின்றது. ஐந்து வயதுப் பிள்ளைக்கானது. அழைத்துக் கேட்டேவிட்டேன்: “என்ரை அளவுகூடத் தெரியாதோ, மாமா?”

“நான் கடைசியாக் கண்டது அந்த அளவிலை, பிள்ளை.”

சாட்டுச் சொல்கிறார் என்று தொலைபேசியை அம்மாவிடம் நீட்டினேன். அம்மா மெதுவாகக் கேட்டார்: “அண்ணை, இவ்வளவு காலத்திலை தம்பியாவது உங்கை வந்தவனோ?”

“காத்து, தங்கச்சி. பிளேன் இறங்காது.”

இத்தனை வருடமாகவா காற்றடிக்கிறது என்று எனக்குக் கொதித்தது. அம்மா ஏன் அந்த ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதார் என்பதுதான் விளங்கவில்லை.