லேப்டாப் மேல் வைத்த கை

போன மழைக்காலத்தில் எங்கள் பட்டறையை மூடும் நிலை வந்தது. கடலூர் துறைமுகத்தில் மீன் எடுத்து, பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் விற்கிற அக்காமாருக்காக நான் ஒரு பெட்டி செய்திருந்தேன். அதில் சாயங்காலம் வரை ஐஸ் கரையாது. பதினோரு பேரிடம் கொடுத்திருந்தேன். மேற்கொண்டு செய்ய முதலீடு வேண்டும். முதலீட்டாளர்களிடம் காட்டப் பிட்ச் டெக் வேண்டும். அதாவது, நம் தொழிலைச் சில பக்கங்களில் திரையில் சொல்லிக்காட்டுவது. எனக்கு அது வரவில்லை. அழுகைதான் வந்தது.

சிதம்பரத்தில் ஒரு பிரதர் இலவசமாகச் செய்து தருகிறேன் என்றார். வாய்க்கு வாய் ஸ்தோத்திரம். அங்கேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. அவர் செய்த டெக்கில் பதினோரு பேர் ஆயிரம் பேராகியிருந்தார்கள். கேட்டேன்.

"எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க சிஸ்டர். விசுவாசத்துல சொல்றோம்" என்றார்.

டெக்கைக் காட்டும்போதெல்லாம், கடைசியில் நன்றி என்ற பக்கம் வந்ததும் லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிடுவார். ஏன் அவ்வளவு அவசரம்?

"நீ கர்த்தர்கிட்டயே ஆதார் கார்டு கேப்ப" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. "ஆண்டவரே, ஒன்று இந்தச் சந்தேகத்தை எடுத்துப்போடும், இல்லையென்றால் காரணத்தைக் காட்டும்" என்று உபவாசமிருந்து ஜெபித்தேன்.

முதலீட்டாளரைப் பார்க்கும் கூட்டத்துக்கு முந்தின நாள்தான் அவர் ஃபைலை அனுப்பினார். திரையில் திறந்து வைத்தேன். நம் வழக்கப்படி பாஸ்டரம்மா வந்து லேப்டாப் மேல் கை வைத்து ஜெபித்தார். கை பட்டன்கள் மேலேயே அழுந்திவிட்டது. ஜெபம் ஏற ஏறப் பக்கங்கள் ஓடின. கூட நின்ற எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மட்டும் அரைக்கண் திறந்திருந்தேன். நன்றிப் பக்கமும் போனது. அதற்குப் பின்னால் இன்னொரு பக்கம் வந்தது. நிறுவனர் என்ற இடத்தில் அந்த பிரதரின் படம். பெட்டியைக் கண்டுபிடித்தவரும் அவரேதானாம். கீழே பொடி எழுத்தில் என் பெயர், உதவியாளர் என்று.

"ஐயோ ஆண்டவரே!" என்று கத்தினேன். அபிஷேகம் இறங்கிவிட்டது என்று பாஸ்டரம்மா இன்னும் சத்தமாக ஜெபித்தார்.

போன் போட்டுக் கேட்டேன். "ஏதோ தப்பா வந்துடுச்சு சிஸ்டர், ஸ்தோத்திரம்" என்றார். போனை வைத்துவிட்டேன்.

அன்றைக்கே நானே புதிதாகச் செய்தேன். முதல் பக்கத்தில், மத்தியானத்துக்குள் கெட்டுப்போன மீன் கூடை. அடுத்தது பெட்டி. பிறகு, சம்மதம் கேட்டு, பதினோரு பேரின் முகமும் போன் நம்பரும். அவ்வளவுதான்.

மறுநாள் முதலீட்டாளர் உதட்டைப் பிதுக்கினார். "பதினோரு பேருதானா? இவுங்கல்லாம் நெஜமாவே யூஸ் பண்றாங்களா?"

அவருக்கும் சந்தேகம். "நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க சார்" என்றேன். குறிஞ்சிப்பாடியில் மீன் விற்கிற அஞ்சலை அக்காவை ஸ்பீக்கரில் போட்டார். "அந்த மீன் பெட்டி விஷயமா..." என்றதுதான் தாமதம்.

"திருப்பிக் கேக்கறியா? யாருய்யா நீ? அத வச்சித்தான் சாயங்காலம் வரிக்கும் யாவாரம் பண்றேன். போலீச கூட்டியாந்தாலும் பொட்டிய குடுக்க மாட்டேன், போ!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அங்கேயே சரி என்றார். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. இன்று பட்டறை ஓடுகிறது, ஆண்டவருக்கே மகிமை.

பிரியமானவர்களே, மனசு உறுத்தினால் விசுவாசக் குறைவு என்று அதை அமுக்கிவிடாதீர்கள். ஆண்டவரிடமே கொண்டுபோய்க் கேளுங்கள். ஜெபத்தில் அரைக்கண் திறந்திருந்தாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எனக்குக் காட்டத்தானே திறக்க வைத்தார்.