ஃப்ரீசரில் வைத்த பேரிங்

என் தம்பி வெளியூர் போகும்போது தன் பழைய புல்லட்டை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். அதை நானே ஓட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. முன் சக்கரத்தின் பேரிங் தேய்ந்திருந்தது. புதியதை வாங்கிவந்து, வாசலில் உட்கார்ந்து பழையதைக் கழற்றிவிட்டு, சக்கரத்தின் நடுக்குழியான ஹப்பில் வைத்துத் தட்டினேன். பாதி இறங்கி, கோணலாகச் சிக்கிக்கொண்டது.

தெருமுனை மெக்கானிக் வந்து பார்த்தார். "இது சேராதுங்கம்மா. ஹப்பையே மாத்திடுங்க."

எனக்கு மனசு ஒப்பவில்லை. சூடுபட்டால் உலோகம் விரியும், குளிர்ந்தால் சுருங்கும் என்று வருஷா வருஷம் பள்ளியில் பாடம் நடத்துகிறவள் நான். பேரிங்கை மெல்லத் தட்டி எடுத்து, பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தேன்.

மறுநாள் காலை ஹப்பின் மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, குளிர்ந்த பேரிங்கை வைத்து நாலு தட்டு தட்டினேன். நேராக அடியில் போய் உட்கார்ந்தது. காபியோடு வந்த கணவர் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். சத்தமே இல்லை.

"போட்டுட்டியா!" என்றார்.

சாயங்காலம் அவரைப் பின்னால் உட்காரவைத்து கிரிவலப் பாதையில் ஓட்டினேன். டீக்கடையில் ஒருவர், "வண்டிய யார் சார் ரெடி பண்ணாங்க?" என்று கணவரைக் கேட்டார். அவர் என்னைக் கைகாட்டினார்.

"நான்தாங்க" என்றேன். டீயில் சர்க்கரை ஜாஸ்தி. குறை சொல்லத் தோன்றவில்லை.