கற்பூர வாசனைக் கண்ணாடி

பூசணிக்காய் இன்னும் உடையவில்லை. அதற்குள் மோட்டாரின் ஜன்னல் பற்றிக்கொண்டது. கண் இமைத்துத் திறந்தேன். பளபளவென்று ஜன்னல் இருந்த இடத்தில் நெருப்பு நின்றது. வண்டிக்குள்ளே ஹனீஃபா பாய் உட்கார்ந்திருந்தார்.

மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் எங்கள் சந்தில் நடந்தது. முப்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசி மாதம். நான் எழுத நினைத்தது ஜைதூன் பீயைப் பற்றி. இந்த நெருப்பை விட்டுவிட்டு அவளைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஜைதூன் பீ ஹனீஃபா பாயின் மனைவி. எங்களுக்கு எதிர்வீடு. நான் அக்கா என்று கூப்பிடுவேன். பாய் மோட்டார்க் கூரை தைக்கிறவர். அப்போது நிறைய மோட்டார்களுக்குத் தகரக் கூரை கிடையாது, கித்தான் துணிதான். மழை வந்தால் கூரையை இழுத்து மூடி, பக்கத்துக்குப் பக்கம் கித்தான் திரைகளைப் பித்தான் போட்டு மாட்டுவார்கள். வெளியே பார்ப்பதற்காக அந்தத் திரைகளின் நடுவில் ஒரு வில்லை தைத்திருக்கும். வளையும், உடையாது. அதன் பெயர் செல்லுலாய்ட். எங்கள் சந்தில் அந்தப் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். கண்ணாடி என்போம். அந்தச் சொல்லில்தான் வினை இருந்தது.

என் வீட்டுக்காரர் பஞ்சாட்சரம், வக்கீல் அனந்தராமன் வீட்டில் டிரைவர். அந்த மோட்டாரின் கித்தான் கிழிந்தாலும் கண்ணாடி மங்கினாலும் பாயிடம்தான் வரும். பாய் வாசலில் முக்காலி போட்டு, கையில் ஊசியோடு உட்கார்ந்திருப்பார். போகிறவர் வருகிறவரிடம் வாய் ஓயாமல் பேசுவார். வீட்டு நிலையில் பழைய கித்தான் ஒன்று திரைச்சீலையாகத் தொங்கும். ஜைதூன் அக்கா அதற்கு அந்தப் பக்கம். ஆண்கள் யாரும் அவளைப் பார்த்ததில்லை, அவள் குரலைக் கேட்டதுமில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். யாரிடமும் சட்டென்று பேச வராது. கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படிப் பார்த்ததில் ஒன்று கண்ணில் பட்டது. பாயின் ஊசியில் நூல் கோத்து நான் பார்த்ததே இல்லை. மெழுகு தடவிய நூல் துணுக்குகள் அக்காவின் முந்தானையில்தான் ஒட்டியிருக்கும். ஊசியைத் தள்ளித் தள்ளி அவள் நடுவிரல் நுனி காய்த்துப் போயிருந்தது. பாயின் கண்ணில் பூ விழுந்து பார்வை போய்விட்டது, தையல் முழுக்க அவளுடையது என்று எனக்குப் புரிந்தது. வெளியே தெரிந்தால் மோட்டார்க்காரர்கள் மவுண்ட் ரோடு கடைகளுக்குப் போய்விடுவார்கள். அந்த வீட்டு அடுப்பு அந்தத் திரைச்சீலைக்குள்தான் எரிந்தது. நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அக்காவும் ஒருநாள் என் பார்வையைப் பார்த்துவிட்டு, காய்த்த விரலை உதட்டில் வைத்துச் சிரித்தாள். அவ்வளவுதான் பேச்சு.

அந்த ஐப்பசியில் வண்டி மோசமான நிலையில் வந்தது. வக்கீல் குடும்பம் அடையாறு கடற்கரைக்குப் போய்வந்த பிறகு, ஜன்னலில் ஒட்டியிருந்த மணலை என் வீட்டுக்காரர் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்திருக்கிறார். கண்ணாடி முழுக்கக் கீறல். கூரையைத் தாங்கும் இரும்புக் கமான் மடங்குகிற இடத்தில் கூரையும் கிழிந்திருந்தது. மாம்பலத்தில் புதிதாகக் கட்டிய சம்பந்தி வீட்டுக்கு வக்கீல் போகவேண்டும், மழையோ வந்துவிட்டது.

அக்கா கிழிசலுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒட்டுப் போட்டுத் தைத்தாள். திரைகளை வீட்டுக்குள் விரித்து, முதலில் தண்ணீர் ஊற்றி மணலைக் கழுவினாள். பிறகு சீமைச்சுண்ணாம்புத் தூளை எண்ணெயில் குழைத்து, மெல்லிய துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். நானும் ஒரு பக்கம் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கச் சூடேறி, கண்ணாடியிலிருந்து கற்பூர வாசனை வந்தது.

"இன்னாக்கா, கோயில் மாதிரி வாசனை வருது!" என்றேன்.

"இதைக் கற்பூரம் போட்டுத் தான் செய்யறாங்களாம். எங்க வீட்ல எப்பவும் இந்த வாசனை தான், தேவானை. உங்க சாமி வழி தெரியாம இங்க வந்துடப் போவுது" என்றாள்.

வேலை முடிந்து கூரையை ஏற்றி, திரைகளை மாட்டியதும் பாய் வழக்கம்போல் உள்ளே ஏறி உட்கார்ந்தார். எந்தத் தையலில் காற்று நுழைகிறது என்று கன்னத்தை வைத்துப் பார்ப்பார். இவர் வெளியே நின்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பாய், கண்ணாடி இன்னாமா மின்னுது! மூஞ்சி பாத்துக்கினு மீசை சீவலாம் போல கீதே!"

"சீவிக்கோ நைனா. பீடியை மட்டும் தூர வச்சுட்டு வா" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"பத்த வக்கலியே பாய். காதுல தான் சொருவிக்கினு கீறேன்."

பாய் எப்போதும் பீடியை விரட்டுவார். நாற்றம் பிடிக்காதவர் என்றுதான் இவர் நினைத்திருந்தார். அந்தக் கண்ணாடி பற்றிக்கொள்ளும் என்று இவருக்குத் தெரியாது.

பழுது பார்த்த வண்டியைத் திருஷ்டி கழிக்காமல் எடுக்கக்கூடாது என்பது இவர் வழக்கம். என்னிடம் வந்து காதோடு சொன்னார்: "நம்ம சாமி விஷயம். எதிர்ல செஞ்சா பாய் சங்கடப்படுவாரு. அவர் உள்ள தையல் பாத்துக்கினு கீறப்பவே சட்டுன்னு சுத்தி உடைச்சிடறேன்." அந்த மரியாதையால்தான் பாயிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூசணிக்காயின் தலையில் கற்பூரம் வைத்துக் கொளுத்தினார். கற்பூர வாசனை பாய்க்குப் புதிதில்லையே! அவர் அசையாமல் கன்னத்தை வைத்துத் தையல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர் சுற்றி முடித்துவிட்டார். நேரே போய் உடைத்திருக்கலாம். ஜன்னலில் சுடரின் நிழல் தெரிந்தது போலிருக்கிறது, பூசணிக்காயை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"தேவானை, இங்க வந்து பாரேன். கண்ணாடிக்குள்ள தீபம் தெரியுது!"

"தூரப் போ! தூரப் போ!" என்று ஒரு பெண் குரல் வீறிட்டது. யார் என்று தெரியாமல் சந்தே திரும்பிப் பார்த்தது. அதற்குள் புஸ்ஸென்று ஒரு சத்தம். ஜன்னல் முழுதும் ஒரே மூச்சில் எரிந்தது. நான் அப்படி ஒரு நெருப்பைக் கண்டதில்லை. விறகு எரிய நேரம் எடுக்கும், துணி எரிய நேரம் எடுக்கும். இது எடுக்கவில்லை.

"பாய்! அந்தப் பக்கம் கதவு! அந்தப் பக்கம்!" என்று இவர் கத்தினார். பாய் எழுந்தார். எழுந்து, கைகளை நீட்டித் தடவிக்கொண்டு நெருப்பு இருந்த பக்கமே வந்தார்.

பாய்க்குக் கண் தெரியாது என்று அப்போதுதான் சந்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. யாருக்கும் கால் நகரவில்லை.

நிலையின் திரைச்சீலையைக் கிழிக்காத குறையாகத் தள்ளிக்கொண்டு ஜைதூன் அக்கா ஓடிவந்தாள். முக்காடு நழுவி விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. பித்தான் எங்கெங்கே இருக்கிறது என்று தைத்த கைக்குத்தான் தெரியும். எரிகிற திரையை வலது கையால் பிடித்து, பட்பட்டென்று பித்தான்களைக் கழற்றி, பிடுங்கித் தரையில் எறிந்தாள். பாயைத் தோளோடு பிடித்து வெளியே இழுத்தாள். நான் என் வீட்டுக் குடத்தைக் கொண்டுவந்து திரையின் மேல் கொட்டினேன். கண்ணாடி எரிந்து தீர்ந்திருந்தது. சுற்றிலும் கித்தான் கருகிப் புகைந்தது.

வண்டியைப் பார்க்க வக்கீல் அந்தச் சமயத்தில்தான் நடந்து வந்தார். புகையையும் கூட்டத்தையும் பார்த்து ஓடிவந்து, நேரே பாயிடம் போனார்.

"ஹனீஃபா! கையைக் காட்டும். கைக்கு ஒண்ணும் ஆகலையே? வண்டி கெடக்கட்டும், உம்ம கைன்னா முக்கியம்!"

பாய் தம் இரண்டு கைகளையும் நீட்டினார். ஒரு காயமும் இல்லை. வக்கீல் "அப்பாடா" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் பாயின் முகம் கோணிற்று.

"இந்தக் கை எதுக்கு சாமி? இது ஊசி குத்தி எத்தனையோ வருஷம் ஆச்சு. அதோ அந்தக் கையைப் பாருங்க. அது தான் கை" என்று சொல்லி, அக்கா எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று தெரியாமல் வேறு பக்கம் காட்டினார்.

அக்கா சுவர் ஓரமாக நின்றிருந்தாள். வலது உள்ளங்கை தோல் வழன்று தொங்கியது. வலி தெரியாதவள் போல வக்கீலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வக்கீல் அவளைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், கூரையில் இருந்த ஒட்டைப் பார்த்தார்.

"சாமி, கற்பூரம் காட்டினது நான். பாய் மேல தப்பு இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். உடையாத பூசணிக்காயை இன்னும் இடுப்பில் வைத்திருந்தார். வக்கீல் ஜட்கா வண்டியைக் கூப்பிட்டு அக்காவை ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு நடந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு எதிர்வீட்டுக்கு மோட்டார் வரவில்லை. "பொம்பள தைச்ச கூரையா?" என்று ஒரு டிரைவர் சிரித்ததாக இவர் வந்து சொன்னார். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தார். வாசல் முக்காலியை பாய் உள்ளே எடுத்துப் போய்விட்டார். அக்காவின் கைக்கட்டுத் துணியை நான் மாற்றிவிடுவேன். ஒவ்வொரு முறையும் விரல்களை மடக்கிப் பார்ப்பாள். இரண்டு விரல் மடங்காது. நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

தை பிறந்த பிறகு ஒரு காலை நேரம், இவர் கருகின அந்தத் திரையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். நிலைக்கு எதிரே நின்று, திரைச்சீலையைப் பார்த்து முதல் தடவையாகக் கூப்பிட்டார்.

"அக்கா, வக்கீல் குடுத்தனுப்பினாரு."

"இன்னா சொன்னாரு?"

"'அந்தம்மாவுக்குக் கை ஆறினப்புறம் தைக்கக் குடு'ன்னாரு. வேற எதுவும் சொல்லல."

பிறகு திரைச்சீலை விலகியது. அக்கா முக்காட்டோடு வெளியே வந்து, சந்தில், வெயிலில் நின்றாள். திரையை வாங்கி விரித்தாள். நடுவில் கண்ணாடி இருந்த இடம் சதுரமாக வெறும் ஓட்டை, சுற்றிலும் கருப்பு. ஆறியும் விரல் மடங்காத கையால் அதன் ஓரத்தைத் தடவினாள். பிறகு அந்த ஓட்டை வழியாக எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"பஞ்சாட்சரம், இந்தக் கண்ணாடியில ஒரு கீறல் கூட இல்ல பாத்தியா?" என்றாள்.

உள்ளேயிருந்து பாய் சிரிக்கிற சத்தம் கேட்டது. என்னால் சிரிக்க முடியவில்லை. அந்தச் சதுரத்துக்குள் அவள் முகம் தெரிந்தபோது, அந்த இடத்தில் நெருப்பு நின்றதுதான் எனக்குத் தெரிந்தது.

"நூல் கோக்க வரல, தேவானை. நீ கோத்துக் குடுக்கறியா?" என்றாள்.

ஊசியை வாங்கிக்கொண்டேன். கோக்க நேரமாயிற்று. அவள் காத்திருந்தாள்.